ஞானஜோதியின் ஐம்பத்தெட்டுக் கையெழுத்துகள்

குரோம்பேட்டையிலிருந்து திருமுடிவாக்கம் செல்லும் வழியில், தொழிற்பேட்டைக்குச் சற்று முன்பாக ஒரு மண்பாதை பிரிந்து ஏரிக்கரையில் போய் முடியும். அக்கரையை ஒட்டிய மேட்டில் 1997ஆம் ஆண்டு வரை நாற்பத்தாறு குடிசைகள் இருந்தன. ஊரின் பெயர் இங்கு வேண்டாம். குடிசைகள் இருந்த இடத்தை எல்லோரும் கரைமேடு என்று அழைத்தார்கள். நானும் அவ்வாறே அழைக்கிறேன்.

ஞானஜோதி கரைமேட்டில் பிறந்தவள். தந்தை சவுரிமுத்து, பல்லாவரத்துக் கல் குவாரிகளில் லாரிக்குச் சல்லி ஏற்றியவர். மகளை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். கரைமேட்டில் அது அதிகப் படிப்பு.

அவளுடைய வாழ்க்கையை ஒரு திசையில் திருப்பியது 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த ஊராட்சித் தேர்தல். அன்றும் குவாரியில் சுமை ஏற்றிவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் சவுரிமுத்துவும் மற்ற ஆண்களும் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். மகளும் உடன் வந்திருந்தாள். அவளுக்கு அது முதல் வாக்கு.

அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க பேர்ல ஓட்டு விழுந்துடுச்சே, பெரியவரே."

"நான் இப்பதானே வர்றேன், சார்."

தலைவர் பதவிக்கு நின்ற நிலக்கிழார் ஏகநாதனின் முகவராகச் சுப்பராயலு என்பவர் அங்கே உட்கார்ந்திருந்தார். வாக்குச்சீட்டைக் கிழித்த அடிக்கட்டையில் இருந்த ஊதாநிறக் கைரேகையைச் சுட்டிக் காட்டினார். "இதோ கீதே ரேகை. உன்துதான்."

"என்துன்னா நான் இன்னாத்துக்குய்யா இங்க வந்து நிக்கிறேன்?"

"அத்த உன் கட்டவிரலைக் கேளு."

சாவடியில் சிரிப்பு எழுந்தது. அவ்வாறு ஏமாற்றப்பட்டவர் கேட்டால் தனியாக ஒரு சீட்டுக் கொடுத்தாக வேண்டும் என்று விதி உண்டு. அதைக் கேட்கச் சவுரிமுத்துவுக்குத் தெரியாது; சொல்ல அங்கிருந்தவர்களுக்கு மனமில்லை. கரைமேட்டின் வாக்குகளில் பெரும்பகுதி அன்று அவ்வாறே போயிற்று. ஞானஜோதியின் வாக்கும் போயிருந்தது. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் அவள் பெயருக்கு எதிரிலும் ஒரு கைரேகை இருந்தது.

வீடு திரும்பும் வழியில் சவுரிமுத்து தம் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். "கட்டவிரல் எல்லாருக்கும் கீது, ஜோதி. அதான் பேஜாரு" என்றார்.

அதன்பின் தம் பெயரை எழுதக் கற்றுத் தருமாறு மகளிடம் கேட்டார். இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டார். 1988இல் மார்புச்சளியால் இறந்துபோனார். தம் பெயரை எழுதி ஒரு முறைகூட அவர் வாக்களிக்கவில்லை.

தொழிற்பேட்டை வந்தபின் ஞானஜோதி ஒரு சிறு தொழிற்கூடத்தில் திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அதே கூடத்தில் கடைசல் எந்திரம் ஓட்டிய ஜெயவேலுவை மணந்துகொண்டாள். பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் ஊருக்குள் வந்தபோது, கரைமேட்டுக்குத் தொண்டராக அவள் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். அடிகுழாயை ஒட்டி நின்ற தெருவிளக்குத்தான் வகுப்பறை. மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். ஆண்கள் வரவில்லை. "நாங்க வெச்ச கைநாட்டே போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் அறுபத்தொரு பேர் வந்தார்கள்.

அவள் அகரத்திலிருந்து தொடங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரையே முதற்பாடமாக வைத்தாள். அந்தப் பாடத்துக்கு முன்னால் நாள்தோறும் ஒரு வாசகத்தைச் சொல்லச் செய்தாள்: "கைநாட்டு வைக்க மாட்டேன். எந்தக் காகிதமானாலும் என் பேரை எழுதுவேன்." தந்தைக்கு நேர்ந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். "பேரு இல்லாத காகிதம் யார் கைக்குப் போவுதோ அவங்களுதாப் பூடும், அக்கா. பேரு எழுதிட்டா அது உன்துதான். எவனும் மாத்த முடியாது."

மாணவிகளில் மூத்தவள் செல்லம்மா. ஐம்பது வயதைக் கடந்தவள். குரோம்பேட்டையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். தன் பெயரை எழுதி முடிக்க அவளுக்கு ஐந்து மாதமாயிற்று. எழுத்துக்குப் புள்ளி வைக்க எப்போதும் மறந்துவிடுவாள்.

"புள்ளி எங்கக்கா?" என்று ஞானஜோதி கேட்பாள்.

"கோலத்துல வெச்சு வெச்சுத் தீந்து போச்சுடி. நீயே ரெண்டு போட்டுக்கோ."

வகுப்பு நிறைவுற்ற நாளில் அறுபத்தொரு பேருக்கும் நீலநிறப் பேனா ஒன்று வழங்கப்பட்டது. பெரும்பாலோர் அதை எழுதப் பயன்படுத்தவில்லை. அரிசிப் பானைக்குள்ளும் சாமிபடத்துக்குப் பின்னும் பத்திரப்படுத்தினார்கள். ரேஷன் கடையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் மட்டும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் மைத்தட்டை நீட்டினால், "எட்டப் போடு அத்த" என்பார்கள்.

1996ஆம் ஆண்டு மத்தியில் அந்த ஆபத்து வந்தது. ஏரிக்கு அப்பால் இருந்த ஏகநாதனின் நஞ்சைகள் மனைப்பிரிவுகளாக மாறியிருந்தன. அங்கே செல்ல நாற்பதடிச் சாலை வேண்டும். அந்தச் சாலை வருவதற்குக் கரைமேட்டைத் தவிர வேறு வழியில்லை. குடிசைகள் இருந்தது புறம்போக்கில். அந்த இடம் பொதுப்பாதைக்குத் தேவை என்று ஊராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால் அரசு இடித்து அப்புறப்படுத்தும். அனுப்பாவிட்டால் சாலை வராது. அந்தத் தீர்மானத்தில் ஒப்பமிடப் போகிறவர் யார் என்பதைப் பத்தாண்டு இடைவெளிக்குப் பின் அவ்வாண்டே நடக்கவிருந்த ஊராட்சித் தேர்தல்தான் முடிவுசெய்யும். தலைவர் பதவி இம்முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஏகநாதன் தம் மனைவி தாயாரம்மாளை நிறுத்தினார். கரைமேடு ஞானஜோதியை நிறுத்தியது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிச் சின்னம் கிடைத்தது. தாயாரம்மாளுக்குப் பூட்டுசாவி. ஏகநாதன் கோவில் தெருவில் அவளை எதிர்கொண்டபோது சிரித்தார்.

"இன்னா ஜோதி, கண்ணாடியை மாட்டிக்கினு ஊரை ஆளப் போறியா?"

"ஊரை இல்லண்ணா. தீர்மானத்தைப் படிச்சுப் பார்க்கணும், அதுக்கு."

"பூட்டு நம்ம கையில கீது. நீ படிச்சு இன்னா செய்வே?"

உடன் நின்ற ஜெயவேலு, "சாவி ஜனங்க கையில கீது, அண்ணா" என்றான். ஏகநாதனின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெயவேலுதான் கணக்குப் போட்டான். ஊருக்குள் இருந்த பிற தெருக்களிலும் ஏகநாதன் மேல் மனத்தாங்கல் இருந்தது. அங்கே பாதிக்குச் சற்றுக் குறைவாக வந்தாலும், கரைமேடு ஒரு வாக்கும் சிதறாமல் விழுந்தால் முப்பது வாக்கில் வெற்றி. கரைமேடு சிதறினால் தோல்வி. இதை அவன் அடிகுழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

எனவே ஞானஜோதி மீண்டும் வகுப்பு நடத்தினாள். அட்டையில் சின்னங்களை வரைந்தாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்து, முத்திரை எந்தக் கட்டத்துக்குள் விழ வேண்டும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினாள். ஈர மை அடுத்த சின்னத்தின் மேல் ஒட்டாதபடி சீட்டை நெடுக்கில் மடிக்கப் பழக்கினாள். நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகள் வரும், தலைவருக்குரியது இளஞ்சிவப்பு என்பதை நிறம் காட்டியே சொன்னாள். கோடு தாண்டக்கூடாது, இரண்டு முத்திரை குத்தக்கூடாது, கிழிக்கக்கூடாது என்று கூடாதவை அனைத்தையும் சொன்னாள். ஒன்றைத் தவிர. அது அவளுக்குத் தோன்றவில்லை. தேர்தல் பணியில் பல முறை இருந்த எனக்கும் தோன்றியிருக்காது.

அக்டோபரில் வாக்குப்பதிவு நடந்தது. அன்று கரைமேட்டிலிருந்து ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. தம் வாக்கை வேறொருவர் போட்டுவிடும் முன்பே போட்டுவிட வேண்டும் என்று, சாவடி திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மழைத்தூறலில் வந்து வரிசையில் நின்றார்கள். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ரவிக்கையிலும் அந்த நீலப் பேனா இருந்தது.

பெண்கள் வரிசையில் அடிக்கட்டைக்கு ஒப்பம் வாங்கிய அலுவலர் முதல் ஐந்தாறு பேருக்கு மைத்தட்டை நகர்த்தினார். பிறகு அதை மூடி ஓரமாக வைத்துவிட்டார். "இந்த மாதிரி ஒரு காலனியை நான் பார்த்ததில்லைம்மா. பொம்பளைங்க எல்லாரும் கையெழுத்து" என்று வாய்விட்டுப் பாராட்டினார். வாசலில் நின்ற ஞானஜோதியின் காதிலும் அது விழுந்தது.

மறைப்பு அட்டைக்குப் பின்னால் போனவர்கள் வெளியே வரச் சற்று நேரமாயிற்று. வரிசை நகரவில்லை. பத்தாண்டுக்கு முன் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்த சுப்பராயலு பொறுமையிழந்தார்.

"இன்னா செல்லம்மா, உள்ள லெட்டர் எழுதிக்கினு கீறியா?"

"ஆமாய்யா, உனக்குத்தான்" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. "பதில் போடு."

சாவடி முழுவதும் சிரித்தது. ஞானஜோதியும் சிரித்தாள்.

ஒன்றியத் தலைமையகத்தில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, அந்த ஊராட்சிக்குரிய மேசை எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நான் பெருங்களத்தூரில் தலைமையாசிரியராக இருந்தவன். கரைமேட்டின் பெயரைக்கூட அதற்குமுன் கேட்டதில்லை. இங்கு எழுதியவற்றில் மேசையில் நடந்ததை மட்டுமே நான் நேரில் கண்டேன். மற்றவை, பின்னாளில் தாம்பரம் பணிமனைக்கு வேலைக்கு வந்த ஜெயவேலுவும், என் வீட்டுக்கு அவன் அழைத்து வந்த செல்லம்மாவும் பல அமர்வுகளில் சொன்னவை.

கம்பிவலைக்கு அப்பால் ஞானஜோதியும் ஜெயவேலுவும் நின்றார்கள். பக்கத்தில் சுப்பராயலு. நான் இளஞ்சிவப்புச் சீட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ சீட்டில், மூக்குக்கண்ணாடியின் மேல் முத்திரை சரியாக விழுந்திருந்தது. அதன் கீழே நீலப் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

வாக்களித்தவர் யார் என்று அறியத்தக்க எழுத்தோ குறியோ உள்ள சீட்டு செல்லாது. இதில் எந்த அலுவலருக்கும் ஐயம் எழ வழியில்லை. அதைத் தனியே வைத்தேன். அடுத்து நான்கு சீட்டு தள்ளி இன்னொன்று வந்தது. பிறகு தொடர்ச்சியாக மூன்று. ஒவ்வொன்றிலும் முத்திரை கட்டத்துக்குள் இருந்தது, மடிப்பு நெடுக்கில் இருந்தது, மை எங்கும் பரவவில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் இருந்தது. முப்பதாண்டுகள் மாணவர் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். எழுதிய கைகள் எவ்வளவு மெதுவாக எழுதியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது.

முடிவில் தாயாரம்மாளுக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஞானஜோதிக்கு நானூற்று எழுபத்தொன்று. செல்லாதவை எழுபத்து மூன்று. அவற்றில் ஐம்பத்தெட்டு, பெயர் எழுதப்பட்டவை. ஐம்பத்தெட்டிலும் முத்திரை மூக்குக்கண்ணாடியில்.

உதவித் தேர்தல் அலுவலர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஞானஜோதி வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சார், அதுல எனக்குத்தானே குத்திக் கீது?"

"உங்களுக்குத்தாம்மா. ஆனா பேரு எழுதியிருக்கு. செல்லாது."

"பேரு எழுதினா இன்னா சார் தப்பு? கள்ள ஓட்டுன்னா பேரு எழுதுவாங்களா?"

"ஓட்டு ரகசியமா இருக்கணும்மா. அது ஓட்டுப் போடறவங்களோட உரிமை."

"அவங்களுக்கு ரகசியம் வேணாம் சார். அவங்க ஒளிக்கல."

"வேணாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை கிடையாது."

ஜெயவேலு கத்தத் தொடங்கினான். சுப்பராயலு, "ரூல்படி போங்க, சார்" என்று மட்டும் சொன்னார். அலுவலர் நல்ல மனிதர்தான். தோற்ற வேட்பாளர் தள்ளப்பட்ட சீட்டுகளைப் பார்க்கலாம் என்று அனுமதித்தார். நான் வலைக்கு இப்புறமிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். பெயர் பிறர் கண்ணில் படாதபடி அவள் பக்கமாக மட்டும் திருப்பிக் காட்டினேன். அவள் அத்தனையையும் பார்த்தாள். உதடுகள் அசைந்தன, பெயர் எதுவும் வெளியே வரவில்லை. ஒரு சீட்டு வந்தபோது மட்டும் கையை வலைக்குள் நுழைக்கப் பார்த்தாள். அந்தப் பெயரில் புள்ளி எதுவும் இல்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது எனக்கு அன்று தெரியாது.

ஐம்பத்தெட்டும் முடிந்தபின் அவள் கேட்டது ஒன்றே: "இந்தப் பேரையெல்லாம் வெளிய சொல்லுவீங்களா, சார்?"

"சொல்ல மாட்டோம். கட்டி முத்திரை வெச்சுடுவோம்."

"சொல்லாதீங்க" என்றாள்.

திரும்பும் பேருந்தில் அவள் ஜெயவேலுவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சீட்டுகளில் எழுதியிருந்த பெயர்களை அவன் படிக்கவில்லை. ஆனாலும் யாருடையவை என்று ஊகிப்பது அரிதில்லை. "அவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நான் சொல்லிக் குடுத்துத்தானே எழுதினாங்க?" என்றாள். கரைமேடு தன்னால் போகப்போகிறது என்ற எண்ணத்திலிருந்து அவளை வெளியே கொண்டுவர அவனால் அன்றும் முடியவில்லை, பிறகும் முடியவில்லை.

கரைமேட்டில் எல்லோரும் அடிகுழாயடியில் காத்திருந்தார்கள். தோல்விச் செய்தி அவர்களுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது. சுந்தரவல்லி என்ற இளம்பெண் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தாள். இருபத்தேழு வாக்கில் போயிற்று, எழுபத்து மூன்று செல்லாமற்போயிற்று என்று ஜெயவேலு சொன்னான். உடனே பேச்சு ஊருக்குள் யார் ஏமாற்றியிருப்பார்கள் என்பதில் போய் நின்றது. கோவில் தெருக்காரர்களா, மேட்டுத் தெருவா என்று ஒவ்வொருவராகத் திட்டினார்கள்.

செல்லம்மா எழுந்து வந்து ஞானஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவன் ஓட்டு கெட்டுப் போச்சோ தெரியல, ஜோதி. நம்ம ஓட்டை எவனும் தொட்டிருக்க முடியாது. நீ சொன்னாப்பலயே, முத்திரை குத்திட்டு அடியில என் பேரை எழுதித்தான் மடிச்சேன். வரிசையில நின்னவங்களுக்கும் நான்தான் சொன்னேன். உங்கப்பனுக்கு நடந்தாப்பல நமக்கு நடக்கக்கூடாதுன்னு. எண்ணுற எடத்துல என் பேரைப் பார்த்தியா?"

அங்கிருந்த பெண்கள் எல்லோரும் ஞானஜோதியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பார்த்தேன், அக்கா" என்றாள் ஞானஜோதி. "நல்லா எழுதியிருந்தே."

"புள்ளி வெச்சிருந்தேனா?"

"வெச்சிருந்தே."

புதிய ஊராட்சியின் மூன்றாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. தாயாரம்மாள் கையொப்பமிட்டார், அவர் கையைப் பிடித்து ஏகநாதன் எழுதவைத்ததாகச் சொன்னவர்களும் உண்டு, நான் உறுதிசெய்யவில்லை. ஞானஜோதி வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் பதினோரு முறை மனுவோடு அலைந்தாள். எல்லா மனுக்களிலும் அறுபத்தொரு பெண்களும் பெயர் எழுதியிருந்தார்கள். அவற்றை ஒருவரும் செல்லாது என்று சொல்லவில்லை. செல்லும் என்றும் சொல்லவில்லை.

1997 ஏப்ரலில் வருவாய்த் துறை ஊழியர்கள் இருவர் காலி செய்யும் அறிவிப்போடு வந்தார்கள். பதினைந்து நாள் தவணை. வீட்டுக்கொருவர் அறிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். அடிகுழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மைத்தட்டையும் கொண்டு வந்திருந்தார்கள்.

பெண்கள் தத்தம் பேனாக்களை எடுத்து வந்தார்கள். வீட்டை இடிப்பதாகச் சொல்லும் காகிதத்தை ஒவ்வொருத்தியும் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். அதற்கு நீண்ட நேரம் பிடித்தது. சுந்தரவல்லி பாதியில் படிக்க முடியாமல் நிறுத்தியபோது செல்லம்மா அவள் தோளைப் பிடித்து, "படிடி. படிச்சிட்டுப் போடு" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பதிவேட்டில் பெயர் எழுதினார்கள்.

"பரவாயில்லையே, எல்லாருக்கும் எழுதத் தெரியுதே" என்றார் ஊழியர்களில் மூத்தவர். "வேலை சுலபமாச்சு."

நாற்பத்தைந்து பெயர்கள் எழுதியாயிற்று. கடைசியாக ஞானஜோதியின் முறை வந்தது. ஊழியர் பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. மூடியிருந்த மைத்தட்டைக் காட்டினாள்.

"அத்தத் தொறங்க, சார்."

"நீங்கதானேம்மா டீச்சர்? கையெழுத்துப் போடுங்க."

"தொறங்க."

அவர் திறந்தார். அவள் இடக்கைக் கட்டைவிரலை மையில் அழுத்தி, தன் பெயருக்கு எதிரே வைத்தாள். பிறகு விரலைத் துடைக்காமல் நின்றாள்.

செல்லம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடி இது, ஜோதி? நீயா? கைநாட்டா?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்களிடம் திரும்பி மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு ஞானஜோதியிடமே திரும்பி வந்து, முந்தானையால் அந்த விரலைத் துடைக்கத் தொடங்கினாள். மை போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞானஜோதி தடுக்கவில்லை. அந்தக் கைநாட்டு ஏன் என்று செல்லம்மாவுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் என்னிடமும் கேட்டாள். ஜெயவேலு என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.